அங்கோர் வாட்: திருமால் கோயில் புத்தர் பள்ளியான வரலாறு

ஒரு நாட்டு மக்களின் சமயம் மாறுங்கால் அவர்தம் பழைய கோயில்கள் என்னாகின்றன என்பது வரலாறு பயில்வோர் எழுப்பத்தக்க வினாக்களுள் ஒன்று. சில கோயில்கள் இடிக்கப்படுகின்றன. சில கைவிடப்பட்டுப் புதர் மண்டுகின்றன. சில, பழைய தெய்வத்தை வெளியேற்றிவிட்டுப் புதிய தெய்வத்தை ஏற்றுக்கொள்கின்றன. இம் மூன்றினுள்ளும் அடங்காத நான்காவது நிலை ஒன்றும் உண்டு. புதிய சமயத்தார் பழைய கோயிலைத் தமதாக்கிக்கொண்டு, அதன் பழைய தெய்வத்தையும் அதன் கதைகளையும் போற்றிக் காத்தலே அந்நிலை. கம்போடியா நாட்டின் அங்கோர் வாட் இந் நான்காம் நிலைக்குச் சிறந்ததொரு சான்று.

அப் பெருங்கோயிலை யாம் முதன்முறையாகச் சென்று காணும் வாய்ப்பு அண்மையில் வாய்த்தது. பயணக் கதை கூறுதல் ஈண்டு எம் நோக்கமன்று. அங்குக் கல்லிற் கண்டவற்றையும், கல்வெட்டறிஞர் அறுதியிட்டுக் கூறியவற்றையும் ஒருங்கு வைத்து, அக் கோயில் எவ்வாறு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அழியாது நின்றது என ஆராய்தலே நோக்கமாகும். தமிழில் அங்கோர் வாட்டைப் பற்றி எழுதுவோர் இரு கூற்றுகளை அடிக்கடி எடுத்தாள்வர். அதனைக் கட்டியவன் தமிழ் மன்னன் என்பது ஒன்று; காட்டினுள் மறைந்து கிடந்த அதனைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கண்டுபிடித்தார் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சான்றுகளின்முன் நிற்பனவா என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

பெயரும் காலமும்

'அங்கோர்' என்பது 'நகர' என்னும் வடசொல்லின் கெமர் மொழித் திரிபு. 'வாட்' என்பது பௌத்தப் பள்ளியைக் குறிக்கும் சொல். எனவே 'நகரப் பள்ளி' என்பதே இப் பெயரின் பொருள். கட்டப்பட்ட காலத்தில் அக் கோயிலுக்கு வழங்கிய பெயர் இதுவன்று. பௌத்தம் அந்நாட்டில் வேரூன்றிய பின்னர் எழுந்த பெயர் இது. ஆகவே கோயிலின் இரண்டாம் பிறப்பைப் பெயரே நமக்கு உணர்த்திவிடுகின்றது.

கோயிலை எழுப்பியவன் 1113-இல் அரியணை ஏறி, ஏறத்தாழ 1150 வரை ஆண்ட இரண்டாம் சூரியவர்மன். கோயில் எழுப்பப்பட்ட செய்தியைக் கூறும் தொடக்கக் கல்வெட்டு ஒன்றும் அங்குக் கிடைத்திலது. எனினும் தென்புறச் சுற்றில் மன்னன் கொலுவிருக்கும் காட்சி ஒன்றும், படையோடு செல்லும் காட்சி ஒன்றும் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகே கெமர் மொழியிற் பொறித்த சிறு குறிப்பு அவனைப் 'பரமவிஷ்ணுலோகன்' எனச் சுட்டுகின்றது. திருமாலின் மேலுலகை எய்தியவன் என்பது இதன் பொருள். மறைந்த மன்னர்க்குத் தெய்வத்தின் பெயரோடு கூடிய பெயரிடுதல் கெமர் அரசவை வழக்கு. அவனுக்கு முன்னிருந்த கெமர் மன்னருட் பலர் சிவனையே தலைமைத் தெய்வமாகக் கொண்டனர். சூரியவர்மனோ தன் பெருங்கோயிலைத் திருமாலுக்கு உரியதாக்கினான்.

கோயிலின் அமைப்பு

மேற்கிலிருந்து வருவார் முதலிற் காண்பது அகழியையே. ஏறத்தாழ 190 மீட்டர் அகலமுடைய அவ் வகழி, 1,500 மீட்டர் நீளமும் 1,300 மீட்டர் அகலமும் கொண்ட நிலப்பரப்பைச் சூழ்ந்துள்ளது. நம் ஊர்த் தெப்பக்குளங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அது கோயில் அகழியாகத் தோன்றாது, ஏரியாகவே தோன்றும். அதன்மேற் செல்லும் கற்பாதையைக் கடந்து மேற்கு வாயிலை அடைந்து, நாக உருவங்களைக் கைப்பிடிச் சுவராகக் கொண்ட மற்றொரு நெடும்பாதையில் ஏறத்தாழ 350 மீட்டர் நடந்தால் கோயிலின் முதற்சுற்றை அடையலாம்.

தமிழகக் கோயில்களோடு இதனை ஒப்பிட்டுக் காண்பார்க்குச் சில வேறுபாடுகள் உடனே புலப்படும். முதலாவது, இக் கோயில் மேற்கு நோக்கியது. தமிழகத்திற் பெரும்பாலான கோயில்கள் கிழக்கு நோக்குவன. கெமர் நாட்டிலும் அதுவே பெருவழக்கு. இரண்டாவது, மூன்று தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்து செல்ல, உச்சித் தளத்தில் ஐந்து சிகரங்கள் மேருமலையின் கொடுமுடிகளைப்போல் நிற்கின்றன. நடுச் சிகரம் நிலத்திலிருந்து ஏறத்தாழ 65 மீட்டர் உயர்ந்தது. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானமும் ஏறத்தாழ இவ்வுயரமே உடையது. ஆயின் தஞ்சை விமானம் கருங்கல்லால் ஆகிய ஒற்றைக் கூர்மலை. அங்கோர் வாட்டோ மணற்கல்லும் செம்புறைக் கல்லும் கொண்டு படிப்படியாக எழுந்த மலைத்தொடர். மணற்கல், வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குலேன் மலைச் சாரலிலிருந்து கொணரப்பட்டது. இரண்டும் மலையைக் கோயிலாக்கும் ஒரே கருத்திற் கிளைத்தவை. எனினும் கட்டும் முறையில் ஒன்றையொன்று பார்த்துச் செய்தவை அல்ல.

மேற்கு வாயிலின் தென்புற மண்டபத்தில் எட்டுக் கைகளோடு நிற்கும் நெடிய திருவுருவம் ஒன்று உள்ளது. அதனைத் திருமால் என்பர். அந்நாட்டு மக்கள் அதனைத் 'தா ரீச்' என அழைக்கின்றனர். யாம் சென்றபோது அத் திருமேனிமேற் பட்டாடை சாத்தியிருந்தது; முன்னே ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருந்தன. தேரவாத பௌத்தராகிய கெமர் மக்கள் அதன்முன் மண்டியிட்டுக் கைகூப்பித் தொழுதனர். புத்தர் பள்ளியின் வாயிலில் திருமாலுக்கு வழிபாடு நிகழ்தல் அங்கு யார்க்கும் வியப்பாகத் தோன்றவில்லை.

சுற்றுச் சிற்பங்கள்

முதற்சுற்றின் உட்சுவர் முழுதும் புடைப்புச் சிற்பங்கள் நிறைந்துள்ளன. மேற்குச் சுவரின் தென்பாதியிற் குருச்சேத்திரப் போர். அம்புப் படுக்கையிற் கிடக்கும் வீடுமரை அங்கு எளிதில் அடையாளம் காணலாம். வடபாதியில் இலங்கைப் போர். அனுமன் தோள்மேல் நின்று இராமன் வில் வளைக்க, பத்துத் தலையும் இருபது கையும் உடைய இராவணன் எதிர்நிற்கின்றான். தென்சுவரின் கீழ்ப்பாதியில் எமன் அவையும், 37 சுவர்க்கங்களும், 32 நரகங்களும் காட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு நரகத்திற்கும் உரிய பாவம் இன்னதெனக் குறுங்கல்வெட்டுகள் கூறுகின்றன. கிழக்குச் சுவரின் தென்பாதியில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்திற்குப் பாற்கடல் கடையும் காட்சி விரிகின்றது. 92 அசுரரும் 88 தேவரும் வாசுகியைப் பற்றி இழுக்க, நடுவே திருமால் நிற்கின்றான். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிற் பாற்கடல் கடைந்த செய்தியைப் படித்தறிந்த தமிழ் மாணவர்க்கு அக் காட்சி புதியதன்று. ஆனால் அதனை இவ்வளவு நெடிய சுவரில் ஒரே மூச்சிற் செதுக்கிய துணிவு புதியது.

இச் சிற்பங்களின் கதை நிகழ்ச்சிகளை முறையாகக் காண வேண்டுமாயின் இடப்புறமாகச் சுற்றி வருதல் வேண்டும். கோயிலை வலம் வந்து பழகிய நமக்கு இம் முறை மாறுபாடாகத் தோன்றும். ஈமச் சடங்குகளில் இடம் வருதல் உண்டு என்பதையும், கோயில் மேற்கு நோக்கியிருப்பதையும் இணைத்து, இது மன்னனின் நினைவுக் கோயிலாகவும் அமைந்தது என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். மேற்குத் திசை திருமாலுக்கு உரியதாதலின் அவ்வாறு அமைந்தது என்பாரும் உளர். இரண்டும் ஒன்றற்கொன்று முரணாதலும் கூடும். மன்னன் திருமாலோடு ஒன்றினான் என்பதே அவன் இறந்தபின் பெற்ற பெயரின் பொருளாதலின்.

சமய மாற்றங்கள்

சூரியவர்மன் மறைந்த சில பத்தாண்டுகளில், 1177-இல், சம்பா நாட்டார் படையெடுத்து வந்து தலைநகரைச் சூறையாடினர். அவர்களை வென்று 1181-இல் முடிசூடிய ஏழாம் சயவர்மன் மகாயான பௌத்தன். தலைநகரின் நடுவே பாயோன் என்னும் கோயிலை எழுப்பி, அதன் சிகரங்களிற் பெருமுகங்களைச் செதுக்குவித்தவன் இவனே. அங்கோர் வாட்டுக்கு வடக்கே 1191-இல் இவன் நிறுவிய பிரியா கான் என்னும் பெரும்பள்ளியில், நடுவே போதிசத்துவர்க்கும், வடக்கே சிவனுக்கும், மேற்கே திருமாலுக்கும் இடம் அளிக்கப்பட்டது. பௌத்தமும் வைதிக சமயங்களும் ஒரு மதிலுக்குள் வாழ்ந்தமைக்கு அது கண்கூடான சான்று.

ஆயினும் இவ்விணக்கம் என்றும் இடையறாது நிலவியது எனக் கூறுதல் உண்மையாகாது. அதே பிரியா கானின் சுவர்களிற் சுற்றி வந்தபோது, மாடம் மாடமாகப் புத்தர் உருவங்கள் உளியாற் கொத்தி நீக்கப்பட்டுள்ளமையைக் கண்டோம். சில இடங்களிற் புத்தர் உருவை முனிவர் உருவாக மாற்றியுள்ளனர். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட சைவ மன்னன் எட்டாம் சயவர்மன் காலத்தில் இவை நிகழ்ந்தன என்பது அறிஞர் பலரின் கருத்து. பாயோன் கோயிலின் நடுவிலிருந்த பெரும்புத்தர் திருமேனியும் உடைத்துக் குழியில் எறியப்பட்டது. 1933-இல் அகழ்ந்தபோது அதன் துண்டுகள் வெளிப்பட்டன. ஒரு சமயம் மற்றொன்றனைச் சிதைக்கும் வன்மை அந்நாட்டாருக்கும் தெரியாததன்று. இதனை மறைத்துவிட்டு அவர்களை இயல்பிலேயே பொறைமிக்கார் எனப் புகழ்தல் வரலாற்று நெறியாகாது. இதனையும் அறிந்த பின்னரே அங்கோர் வாட்டில் நிகழ்ந்ததன் அருமை விளங்கும்.

பௌத்தர் காத்த திருமால் கோயில்

14-ஆம் நூற்றாண்டில் தேரவாத பௌத்தம் அந்நாட்டு மக்களின் பெருஞ்சமயமாயிற்று. பின்னர்த் தலைநகரும் தெற்கே பெயர்ந்தது. மன்னரும் மறையவரும் அகன்ற அக் காலத்தில் அங்கோர் வாட் பாழ்பட்டிருத்தல் வேண்டும். ஆனால் துறவியர் அங்குத் தங்கினர்; அடியார் வந்தனர். 'ஆயிரம் புத்தர்' எனப் பொருள்படும் பெயர் பெற்ற சிலுவை வடிவ மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகப் புத்தர் திருமேனிகள் நாட்டப்பெற்றன. 20-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த போர்களில் அவற்றுட் பல மறைந்தன, எஞ்சியவை சிலவே.

எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்த சான்று வடகிழக்குச் சுற்றில் உள்ளது. சூரியவர்மன் காலத்தில் அங்குள்ள சுவர்கள் சில செதுக்கி முடிக்கப்படாமல் நின்றன. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில், அங் சான் என்னும் மன்னன் காலத்தில், 1546-க்கும் 1564-க்கும் இடையே அவை செதுக்கி நிறைவு செய்யப்பட்டன. இதனை அங்குள்ள கல்வெட்டுகளே கூறுகின்றன. அங் சான் பௌத்தன். அவன் புத்தரின் பிறப்புக் கதைகளை அச் சுவர்களிற் செதுக்குவித்திருக்கலாம். தடுப்பார் யாரும் இலர். அவனோ கிழக்குச் சுவரிலே திருமால் அசுரரை வென்ற கதையையும், வடசுவரிலே கண்ணன் வாணனை வென்ற கதையையும் செதுக்குவித்தான். வாணன் நகரிற் கண்ணன் ஆடிய குடக்கூத்தைச் சிலம்பின் கடலாடு காதை வழி அறிந்தோர்க்கு இக் கதை அயலானதன்று. சிற்பத் திறம் 12-ஆம் நூற்றாண்டு வேலையை எட்டவில்லை என்பது உண்மையே. உருவங்கள் விறைத்தும் நெருங்கியும் காணப்படுகின்றன. ஆயினும் நானூறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு சமயத்தான் தொடங்கிவிட்ட பணியை, அவன் எண்ணியவாறே முடித்துக் கொடுத்தலினும் பெரிய மதிப்பு ஒன்றைக் கோயிலுக்கு அளித்தல் அரிது.

இஃது ஒரு மன்னனின் தனிவிருப்பமன்று. அந் நூற்றாண்டின் பௌத்தக் கல்வெட்டுகள் இக் கோயிலை 'விஷ்ணுலோகம்' என்னும் பெயராலேயே சுட்டுகின்றன. 1577-இல் அரசனின் தாய், தன் மகன் இக் கோயிலைப் புதுப்பித்தமை கண்டு மகிழ்ந்து பொறித்த கல்வெட்டும் அவற்றுள் ஒன்று. புத்தரை வணங்கிய அப் பெருமாட்டிக்குக் கோயிலின் பழம்பெயர் கூசவில்லை.

உச்சித் தளத்திற் கருவறையின் நிலை இதனையே வேறொரு வகையாற் காட்டுகின்றது. நான்கு திசையும் திறந்திருந்த அக் கருவறையின் வாயில்கள் பிற்காலத்திற் கல்லால் அடைக்கப்பட்டன. அடைத்த கல்லின்மேல் நிற்கும் நிலையிற் புத்தர் உருவங்கள் செதுக்கப்பட்டன. உள்ளிருந்த திருமால் திருமேனி இன்று இல்லை. மேருவின் நடுக்கொடுமுடி இவ்வாறு தூபியின் தன்மை பெற்றது. சிகரமோ சிற்பமோ இதன்பொருட்டுச் சிதைக்கப்படவில்லை. இன்றும் பௌத்தர் நோன்பு நாள்களில் இவ் வுச்சித் தளம் பார்வையாளர்க்கு அடைக்கப்படுகின்றது. காட்சிப் பொருளாக மட்டும் நிற்கும் கட்டடத்திற்கு நோன்பு நாள் ஏது?

கண்டுபிடிப்பு என்னும் கதை

இனி, இக் கோயிலைக் 'கண்டுபிடித்த' கதையை நோக்குவோம். பிரெஞ்சு நாட்டு இயற்கையறிஞர் ஆன்ரி மூகோ 1860-இல் இங்கு வந்தார். அவர்தம் குறிப்புகள் அவர் மறைந்த பின் வெளிவந்து ஐரோப்பாவில் இக் கோயிலின் புகழைப் பரப்பின. அது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே போர்த்துக்கேயத் துறவியர் இதனைக் கண்டு வியந்தனர். 1632-இல் சப்பானியர் ஒருவர், உகோந்தயு கசுபுசா என்பார், கடல் கடந்து வந்து, தம் பெற்றோரின் நற்கதிக்காகப் புத்தர் திருமேனிகளை இங்கு அளித்து, அச் செய்தியைத் தூணில் மையால் எழுதிச் சென்றார். புத்தர் வாழ்ந்த சேதவனப் பள்ளியே இது என அக் காலச் சப்பானியர் நம்பினர்.

ஆகவே இழக்கப்பட்டிருந்தால் அன்றோ கண்டுபிடித்தற்கு? மூகோ வந்தபோதும் இங்குத் துறவியர் வாழ்ந்தனர். அகழி காட்டைத் தடுத்தது. துறவியர் கையும் துடைப்பமும் எஞ்சியதைத் தடுத்தன. பாயோனையும் பிற கோயில்களையும் மரவேர்கள் பிளந்த காலத்தில் இஃது ஒன்றே பெரும்பாலும் முழுமையாக நின்றமைக்கு இதுவே காரணம். பின்னர்த் தொல்பொருள் அறிஞர் பலர் இதனைச் செப்பனிட்டனர்; இந்தியத் தொல்லியல் துறையும் 1986 முதல் 1993 வரை இங்குப் பணிபுரிந்தது. 1992-இல் இவ்விடம் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இப் பணிகளெல்லாம் போற்றத்தக்கன. எனினும் அவை நிகழ்தற்கு ஒரு கோயில் எஞ்சியிருந்தமை துறவியர் செய்த உதவி.

தமிழர்க்குள்ள தொடர்பு

கட்டியவன் தமிழ் மன்னன் என்னும் கூற்றுக்கு வருவோம். சூரியவர்மன் கெமர் அரச மரபினன். அந்நாட்டுக் கல்வெட்டுகள் வடமொழியிலும் கெமர் மொழியிலும் அமைந்தவை. 'வர்மன்' என முடியும் பெயரைக் கொண்டே ஒருவனைப் பல்லவனென்றோ சோழனென்றோ கொள்ளுதல் சான்றாகாது. அஃது அக்காலத்தே பல நாட்டு மன்னர்க்கும் பொதுவாயிருந்த வடமொழிப் பட்டம்.

உண்மையான தொடர்புகள் இவ் வெற்றுரையினும் சுவையுடையன. கெமர் எழுத்து, பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்தோடு உறவுடையது. இராசேந்திர சோழனின் கரந்தைச் செப்பேடுகள், காம்போச மன்னன் நட்பு நாடி அவனுக்குத் தேர் ஒன்றை அனுப்பிய செய்தியைக் கூறுகின்றன. முதற் குலோத்துங்கன் காலத்துச் சிதம்பரம் கல்வெட்டு, காம்போச மன்னன் காட்சிப் பொருளாக அளித்த கல் ஒன்று தில்லைக் கோயிலின் முன்புறத்திற் பதிக்கப்பட்டதைக் குறிக்கின்றது. அது 1114-ஆம் ஆண்டினது. சூரியவர்மன் முடிசூடியதற்கு அடுத்த ஆண்டு. 967-இல் எழுந்த பந்தியாய் சிரே என்னும் கெமர்ச் சிவன் கோயிலில், கூத்தப்பிரான் திருவடி அருகே என்பும் தோலுமாய் அமர்ந்துள்ள பெண்ணுருவைக் காரைக்காலம்மையார் என அறிஞர் பலர் கருதுவர். இவை கொடுத்தும் கொண்டும் வாழ்ந்த இரு நாட்டாரின் அடையாளங்கள். ஒருவர் மற்றவர்க்குக் கட்டிக் கொடுத்தமைக்கு அடையாளங்கள் அல்ல. கெமர்ச் சிற்பியின் உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்ளுதல் அவர்க்கும் இழுக்கு. உண்மைத் தொடர்பை மங்கச் செய்தலின் நமக்கும் இழப்பு.

நாகப்பட்டினமும் அங்கோரும்

அங்கோர் வாட்டைக் கண்ட தமிழர், யார் கட்டினார் என்பதினும் யார் காத்தார் என வினவுதல் பயனுடைத்து. அவ்வினா நம்மை நம் கடற்கரைக்கே கொணர்ந்து நிறுத்தும். சைவ மன்னனாகிய முதலாம் இராசராசன், கடல் கடந்த ஸ்ரீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரத்திற்குத் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரையே அளித்தான். அவ்வூரின் நான்கெல்லையையும் வரையறுத்துச் செப்பேட்டிற் பொறித்தனர். மணிமேகலையைத் தந்த மொழியின் நாட்டிற் பௌத்தம் பெற்ற அரச மதிப்பு அத்தகையது.

பின்னர் நம் நாட்டிலும் சமய நிலை மாறியது, பௌத்தம் மறைந்தது. அவ் விகாரத்தோடு தொடர்புடையது எனப் பலர் கருதிய 'புதுவெளிக் கோபுரம்' என்னும் செங்கற் கட்டடம் 19-ஆம் நூற்றாண்டு வரை கடலோடிகளுக்கு அடையாளமாய் நின்றது. 1867-இல் அதுவும் இடித்துத் தள்ளப்பட்டது. அப் பகுதியில் 1856 முதல் மண்ணிலிருந்து கிடைத்த 300-க்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் பல நாட்டு அருங்காட்சியகங்களிற் சிதறியுள்ளன. ஊரை அளித்த செப்பேடு எஞ்சியது. ஊர் பெற்ற விகாரம் எஞ்சவில்லை.

இவ்விரு நாட்டு வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகின்றது. மன்னன் கொடையும் மணற்கல்லின் உறுதியும் ஒரு கோயிலைச் சில நூற்றாண்டுகள் நிறுத்தலாம். அதற்குமேல் அது நிற்றல், தமதல்லாத தெய்வத்தின் இல்லத்தைப் பெருக்கித் தூய்மை செய்து விளக்கேற்ற முன்வரும் மக்களைப் பொறுத்தது. கெமர் நாட்டுப் பௌத்தர் திருமாலுக்கு அதனைச் செய்தனர். தமிழகத்தில் இன்றும் வயல்வெளிகளிலும் குளக்கரைகளிலும் தலையிழந்தும் பெயரிழந்தும் புத்தர் சிலைகளும் சமணர் சிலைகளும் கிடக்கின்றன. அவற்றிற்கு நாம் என் செய்யப் போகின்றோம் என்பதே அங்கோர் வாட் நம்முன் வைக்கும் வினா.